முழுக் காதோடு பிறந்த பிள்ளைகள்

“எல்லாக் குழந்தையும் ஃபித்ராவில்தான் பிறக்கிறது, பிறகு அதன் தாய் தகப்பனே அதை யூதராகவோ கிறிஸ்தவராகவோ நெருப்பை வணங்குகிறவராகவோ ஆக்குகிறார்கள்.” ஃபித்ரா என்றால் பிறவி இயல்பு. இந்த ஹதீஸ், அதாவது நபிமொழி, காதில் விழாமல் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு முஸ்லிம் பிள்ளை வளர முடியாது. தொண்டி, பனைக்குளம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, எந்த ஊர் மதரசாவானாலும் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் அடிக்கடி சொல்லுவார். ஜும்ஆ பயானில் வரும். பிள்ளைக்குப் பேர் வைக்கும் வீட்டில் வரும். வெள்ளிக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடும் வரும்.

ஆனால் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹதீஸ் அங்கே முடியவில்லை. நபி (ஸல்) அடுத்ததாக ஓர் உவமை சொல்கிறார்கள்: ஒரு கால்நடை முழு உடம்போடுதான் குட்டி போடுகிறது, அதில் காது அறுபட்ட குட்டி எதையாவது நீங்கள் பார்த்ததுண்டா? புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இப்படித்தான் இருக்கிறது. இதை அறிவிக்கும் நபித்தோழர் அபூஹுரைரா (ரலி), சொல்லி முடித்ததும் குர்ஆனின் அர்ரூம் அத்தியாயத்தின் 30-ஆவது வசனத்தை ஓதுகிறார்கள். அல்லாஹ் எந்த இயல்பின் மீது மனிதர்களைப் படைத்தானோ அந்த இயல்பைப் பற்றிக்கொள், அல்லாஹ்வின் படைப்பில் மாற்றம் இல்லை என்று சொல்லும் வசனம் அது. எனக்கு இந்தக் காது முக்கியம். ஃபித்ரா பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் இந்தக் காதிலிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் இதை விளக்க மார்க்கம் படித்த ஆலிம் யாரும் தேவைப்படவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் ஆட்டுக்காரர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிடுவார்கள். வாப்பா விலை பேசுவதற்கு முன்னால் ஆட்டின் எதிரே குத்தவைத்து உட்காருவார். முதலில் பல்லைப் பார்ப்பார். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டுவார். நாலடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று கவனிப்பார். கடைசியாகக் காது. ஒவ்வொரு காதாகக் கையில் எடுத்து, ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அடியிலிருந்து நுனி வரைக்கும் மெதுவாக உருவிக்கொண்டே போவார். பலியிடும் குர்பானி ஆட்டின் கண்ணையும் காதையும் நன்றாகப் பார்க்கும்படி நபி (ஸல்) சொன்னதாக அலீ (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி இமாமின் சட்டவழியைப் பின்பற்றுகிறவர்கள். காதில் கொஞ்சம் சதை வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும் அந்த ஆடு குர்பானிக்கு ஆகாது. கீறலோ துளையோ மட்டும் என்றால் கூடும். எங்கள் பக்கம் மந்தை வைத்திருப்பவர்கள் தங்கள் ஆடு கலந்துபோகாமல் இருக்கக் காதில் வெட்டு வைப்பதுண்டு. ஒருவர் நுனியைக் கத்தரிப்பார், இன்னொருவர் ஓரத்தில் முக்கோணமாகச் சின்னத் துண்டு எடுப்பார். வாப்பாவின் விரல் அப்படி ஓர் இடத்தில் வந்து நின்றுவிடும். “இது வெட்டுக்காதுல்ல” என்பார். ஆட்டுக்காரரும் மறைக்க மாட்டார். “பொறக்கையில நல்லாத்தான் இருந்துச்சு பாய். நான்தான் வெட்டுனேன்” என்பார்.

ஹதீஸ் கேட்பதும் இதைத்தான். குறை குட்டியோடு வரவில்லை. ஒரு ஆள் கத்தியை எடுத்திருக்கிறார். அந்த ஆளுக்கு அது தன் சொத்து என்று காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

குர்ஆனில் காது அறுப்பது வேறோர் இடத்திலும் வருகிறது. அன்னிஸா அத்தியாயத்தில் (4:119) ஷைத்தான் சபதம் போடுகிறான்: நான் மனிதர்களை ஏவுவேன், அவர்கள் கால்நடைகளின் காதை அறுப்பார்கள், நான் ஏவுவேன், அவர்கள் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவார்கள். இஸ்லாத்துக்கு முந்தைய அரபிகள் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடும் ஒட்டகத்தின் காதைக் கிழித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வழக்கங்களை அல்லாஹ் ஏற்படுத்தவில்லை என்று அல்மாயிதா அத்தியாயம் (5:103) சொல்கிறது. ஆகவே நபித்தோழர்களுக்கு ‘காது அறுபட்ட குட்டி’ என்ற பேச்சு வெறும் மேய்ச்சல்காரர் பேச்சாக இருந்திருக்காது. யார் அறுக்கிறார்கள், யார் ஏவி அறுக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் கேட்டிருக்கும்.

நம் ஊர்களில் இந்த ஹதீஸைச் சொல்லும் தொனி எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. ‘நாம்தான் அசல், மற்றவர்களெல்லாம் பெற்றோரால் கெடுக்கப்பட்டவர்கள்’ என்ற பெருமை அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நபி (ஸல்) அதை யாரிடம் சொன்னார்கள்? தங்கள் முன்னால் இருந்த முஸ்லிம் தகப்பன்மாரிடமும் தாய்மாரிடமும் சொன்னார்கள். எந்தச் சூழ்நிலையில் சொன்னார்கள் என்பதற்கு அஹ்மத் தொகுப்பில் அஸ்வத் பின் ஸரீஃ (ரலி) வழியாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஒரு போரில் சிலர் குழந்தைகளையும் கொன்றுவிட்டார்கள். செய்தி வந்ததும் நபி (ஸல்) கடிந்துகொண்டார்கள். “அவர்கள் இணைவைப்பாளர்களின் பிள்ளைகள்தானே” என்று ஒருவர் சொன்னார். “உங்களில் சிறந்தவர்களும் இணைவைப்பாளர்களின் பிள்ளைகள்தானே” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, எந்த உயிரும் ஃபித்ராவில்தான் பிறக்கிறது என்று சொன்னார்கள். எதிரியின் குழந்தை மேல் கை வைக்காதே என்று தடுக்க வந்த வார்த்தை இது. இதை மற்றவர்களைத் தாழ்த்திப் பேச எடுத்துக்கொள்வது அந்த வார்த்தைக்குச் செய்யும் அநியாயம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மீனவர் குடும்பம் இருந்தது. இந்துக்கள். அந்த வீட்டு அக்கா கடல்பாசி எடுக்கப் போகிறவர். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து பாறையில் பாசி பறித்துவிட்டு வரும்போது விரலெல்லாம் கீறலாக இருக்கும். அதற்கு உம்மாதான் தேங்காய் எண்ணெய் போட்டுவிடுவார். அந்த அக்காவின் முதல் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆவதற்குள் காய்ச்சலில் இறந்துவிட்டது. உம்மா அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்று மாலை மதரசா முடிந்து போய்க்கொண்டிருந்த ஆலிம்சாவை வாசலிலேயே நிறுத்தி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டார்: “ஆலிம்சா, அந்தப் பச்ச மண்ணு எங்க இருக்கும்?”

ஆலிம்சா உடனே பதில் சொல்லவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அப்புறம் ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் நீண்ட கனவு ஹதீஸைச் சொன்னார். நபி (ஸல்) கனவில் ஒரு தோட்டத்தைப் பார்க்கிறார்கள். நடுவில் உயரமான ஒரு மனிதர், அவரைச் சுற்றி எக்கச்சக்கமாகப் பிள்ளைகள். அவர் இப்ராஹீம் (அலை). அந்தப் பிள்ளைகள் ஃபித்ராவிலேயே இறந்துபோனவர்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் உடனே, “இணைவைப்பாளர்களின் பிள்ளைகளுமா, அல்லாஹ்வின் தூதரே?” என்றார்கள். “இணைவைப்பாளர்களின் பிள்ளைகளும்தான்” என்று பதில் வந்தது. இது புகாரியில் இருக்கிறது. “அது இப்ராஹீம் நபிட்ட இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு ஆலிம்சா எழுந்து போனார். உம்மா அதை அந்த அக்காவிடம் போய் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சொன்னார் என்று மட்டும் தெரியும்.

இந்த விஷயத்தில் அறிஞர்களிடையே வேறு கருத்துகளும் உண்டு. மறைத்து வைக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளின் நிலையை அல்லாஹ்வே நன்கறிவான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மறுமையில் அவர்களுக்குத் தனியாக ஒரு சோதனை இருக்கும் என்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இமாம் நவவி போன்றவர்கள் சொர்க்கம் என்ற கருத்தையே சரியானது என்று எடுத்துக்கொண்டார்கள். ஷாஃபி வழியில் வந்த எங்கள் ஆலிம்சாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கள் கடற்கரை ஒற்றை மதத்தின் கடற்கரையாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பாண்டியர் காலத்தில் இங்கிருந்த பள்ளிவாசல் ஒன்றுக்கு வரியில்லாத நிலம் விட்ட கல்வெட்டு, திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. இராமேஸ்வரம் கோயில் ஒரு பக்கம், ஓரியூர் தேவாலயம் ஒரு பக்கம், ஏர்வாடி தர்கா ஒரு பக்கம். இப்படி ஓர் இடத்தில் வாழும்போது, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன இயல்போடு பிறந்தது’ என்ற கேள்வியைப் புத்தகத்தோடு விட்டுவிட முடியாது. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர், அவர் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததைப் பற்றிப் பேசும்போது ஜென்மப்பாவம் பற்றிச் சொன்னார். ஆதாமின் வீழ்ச்சியில் வந்த அந்தக் கறை ஞானஸ்நானத்தில் கழுவப்படுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. குர்ஆனில் ஆதமும் ஹவ்வாவும் சேர்ந்தே சறுக்குகிறார்கள், சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள் (7:23), மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை (6:164). அதனால் எங்கள் குழந்தைக்குக் கழுவ வேண்டிய எதுவும் இல்லை என்றேன். “அப்ப உங்களுக்கு வேலை கம்மிதானே” என்று கேட்டார். வேலை எங்களுக்குத்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது. கறையோடு வந்த துணி என்றால் பழைய கறை என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளையாகக் கையில் வாங்கிய துணிக்குக் கணக்குக் கேட்பார்கள்.

சரி, அந்த முழுமை என்பது சரியாக என்ன? பிறக்கும் குழந்தைக்கு அல்லாஹ்வைத் தெரியுமா? இங்கேதான் பெரிய இமாம்கள் பிரிகிறார்கள். அந்தலூஸைச் (முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயின்) சேர்ந்த இப்னு அப்துல் பர் (இறப்பு 1071) கொண்ட கருத்து, ஃபித்ரா என்பது குறையில்லாத ஆரோக்கியமான நிலை மட்டுமே. அதில் ஈமானும் (இறைநம்பிக்கையும்) இல்லை, குஃப்ரும் (நிராகரிப்பும்) இல்லை. அவருக்கு ஆதாரம் அந்நஹ்ல் அத்தியாயம்: நீங்கள் எதையுமே அறியாத நிலையில் உங்கள் தாய்மாரின் வயிற்றிலிருந்து அல்லாஹ் உங்களை வெளிப்படுத்தினான் (16:78). எதையுமே அறியாத பிள்ளைக்கு ஈமான் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி.

டமாஸ்கஸில் சிறையிலேயே 1328-இல் இறந்த இப்னு தைமிய்யா இதை ஏற்கவில்லை. குழந்தைக்கு அறிவு இல்லை என்பது சரிதான். ஆனால் அது எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கவில்லை என்கிறார். பிறந்த குழந்தை தனக்குத் தோதான உணவான பாலை இயல்பாகவே நாடுவதுபோல, குறுக்கே எதுவும் வந்து தடுக்காவிட்டால் மனித உள்ளம் தன் இறைவனை நாடிப் போகும் என்பது அவர் வாதம். பெற்றவர்களுக்கு இது புரியும். கண்கூடத் திறக்காத பிள்ளையை நெஞ்சின் மேல் போட்டால், அது தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, வாயைத் திறந்து, முட்டி மோதித் தேடும். பால் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆனாலும் தேடும். மிஃராஜ் என்னும் விண்ணேற்றப் பயணத்தில் நபி (ஸல்) முன்னால் பாலும் மதுவும் வைக்கப்பட்டபோது அவர்கள் பாலை எடுத்துக்கொண்டார்கள், ஃபித்ராவுக்கு வழிகாட்டப்பட்டீர்கள் என்று ஜிப்ரீல் (அலை) சொன்னார்கள் என்று வரும் ஹதீஸையும் நான் இதோடு சேர்த்தே நினைத்துக்கொள்வேன். இந்த இருவரில் நான் இப்னு தைமிய்யா பக்கம். மற்ற பல விஷயங்களில் அவரோடு எங்கள் ஊர் ஒத்துப்போகாது. இதில் அவர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

இதற்கு இடறலாக வருவது, மூஸா நபி பாடம் கற்கக் கூடச் சென்ற கிள்ரு (அலை) கொன்ற சிறுவனின் சம்பவம். அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை) அதிர்ந்துபோய்க் கேட்பார்களே, ஒரு பாவமும் அறியாத உயிரையா கொன்றீர்கள் என்று, அந்த இடம். அந்தச் சிறுவன் நிராகரிப்பவனாகவே முத்திரையிடப்பட்டிருந்தான் என்று முஸ்லிமில் ஓர் அறிவிப்பு உண்டு. அவன் வளர்ந்தால் என்ன ஆவான் என்று அல்லாஹ்வுக்குத் தெரிந்திருந்ததைத்தான் அது சொல்கிறது, பிறப்பின் இயல்பைச் சொல்லவில்லை என்று பலர் விளக்கியிருக்கிறார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனாலும் அந்த இடத்தை ஓதும்போது மூஸா நபியின் கேள்விதான் எனக்குள் சத்தமாகக் கேட்கிறது.

கஸ்ஸாலி இமாம் (1058–1111) தன் தேடல் எப்படித் தொடங்கியது என்று எழுதும்போது இந்த ஹதீஸுக்குத்தான் வருகிறார். கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்வதையும், யூதப் பிள்ளைகள் யூதர்களாகவே வளர்வதையும், முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவே வளர்வதையும் பார்த்தேன் என்கிறார். அந்த மூன்றாவதைக் கவனியுங்கள். பெற்றோர் சொன்னதால் மட்டும் வந்த இஸ்லாமும் அவருக்குப் போதவில்லை. ஒட்டவைத்ததை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் அசல் இயல்பைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தாகம் வந்தது. எங்கள் ஊர் மேடைகளில் கஸ்ஸாலி பேர் நிறைய அடிபடும். இந்த வரியை மட்டும் நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

ஃபித்ரா என்றதும் குழந்தையை மலக்காக (வானவராக) ஆக்கிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நாலு வயதுப் பிள்ளையை வளர்க்கிறவள் அப்படிச் சொல்ல மாட்டாள். குர்ஆனும் சொல்லவில்லை. மனிதன் பலவீனமாகப் படைக்கப்பட்டான் (4:28), அவசரக்காரனாக இருக்கிறான் (17:11), பதற்றக்காரனாகப் படைக்கப்பட்டான், கெடுதி வந்தால் துடிக்கிறான், நல்லது வந்தால் அடுத்தவருக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறான் (70:19–21). மீன் வந்த அன்று பெரிய துண்டுக்காகத் தம்பி தட்டில் கை வைக்கும் பிள்ளையைப் பார்த்தால் இந்த வசனங்களுக்கு வேறு விரிவுரை வேண்டாம். அஷ்ஷம்ஸ் அத்தியாயம் இன்னும் நேராகவே சொல்கிறது: ஆன்மாவைச் சீராக அமைத்து, அதன் தீமையையும் அதன் இறையச்சத்தையும் அதற்கு உணர்த்தியவன் மேல் சத்தியம், அதைத் தூய்மையாக வளர்த்தவர் வெற்றி பெற்றார், அதைப் புதைத்தவர் தோற்றுப்போனார். இரண்டும் உள்ளே இருக்கிறது. தட்டில் கை வைத்த அதே பிள்ளை, தம்பி அழுததும் துண்டைத் திருப்பி வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது. தான் செய்தது சரியில்லை என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

காது அறுப்பது தப்பென்றால் சுன்னத்து மட்டும் சரியா என்று ஒருவர் கேட்கலாம். நகம் வெட்டுவது, மீசையைக் கத்தரிப்பது, அக்குள் முடியையும் மறைவிடத்து முடியையும் நீக்குவது, கத்னா (சுன்னத்து) செய்வது, இவை ஐந்தும் ஃபித்ராவைச் சேர்ந்தவை என்று ஹதீஸ் இருக்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஃபித்ரா என்பது பிள்ளையைக் காட்டில் விட்டதுபோல அப்படியே விட்டுவிடுவது இல்லை. அதைப் பராமரிக்க வேண்டும். சுத்தம் செய்வது வேறு, எனக்கு அடையாளம் வேண்டும் என்று வெட்டுவது வேறு.

அந்த வெட்டு வீடுகளுக்குள் தினமும் விழுகிறது. போன் வந்தால், “வாப்பா வீட்ல இல்லன்னு சொல்லு” என்று பிள்ளை கையில் கொடுப்பார்கள். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு இல்லாததைச் சொல்லத் தெரியாது. “அழாம இருந்தா தொதல் வாங்கித் தர்றேன்” என்பார்கள், வாங்கித் தர மாட்டார்கள். அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய தாய், “இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்” என்று கூப்பிட்டார். அப்போது அந்த வீட்டில் நபி (ஸல்) இருந்தார்கள். என்ன தரப்போகிறாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். நீ எதையும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். அபூதாவூத் தொகுப்பில் இருக்கும் இந்தச் சின்ன ஹதீஸைத்தான் ஃபித்ரா ஹதீஸுக்கு விரிவுரையாக வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கறுப்பாகப் பிறந்த பெண்பிள்ளையைப் பார்த்து, அது கேட்கும்படியே, “இதுக்கு எம்புட்டு நகை போட வேண்டியிருக்குமோ” என்று பெருமூச்சு விடுவதும் அதே கத்திதான். அந்தத் தெருப் பிள்ளையோடு விளையாடாதே என்பதும்தான். தகப்பன்மார் பாதிப்பேர் துபாயிலும் சவூதியிலும் கிடக்கும் ஊர்கள் எங்கள் ஊர்கள்; கத்தி பெரும்பாலும் பெண்களாகிய எங்கள் கையில்தான் இருக்கிறது.

நன்மை என்றால் என்ன, பாவம் என்றால் என்ன என்று கேட்க வந்த வாபிஸா (ரலி) அவர்களிடம், உன் உள்ளத்தையே தீர்ப்புக் கேள் என்று நபி (ஸல்) சொன்னார்கள். உள்ளம் நிம்மதி அடைவது நன்மை, நெஞ்சில் உறுத்துவது பாவம், மக்கள் உனக்கு என்ன தீர்ப்புச் சொன்னாலும் சரி. வெட்டு விழுந்த பிறகும் அந்த உறுத்தல் மிச்சம் இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இனி ஏர்வாடி. இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு மனித இயல்பைப் பற்றி எழுதிவிட்டு ஏர்வாடியைத் தொடாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் பாதுஷா தர்காவுக்கு மனநலம் பாதிக்கப்பட்டவர்களை எல்லா மதத்தவரும் அழைத்து வருகிறார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள்; வேறு போக்கிடம் இல்லாமலும் வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுக்கிறது. தர்காவுக்குப் பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் வைத்தியம் பார்க்கும் ‘தவா துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டமும் வந்திருக்கிறது.

சட்டம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலேயே எங்கள் கையில் ஒரு ஹதீஸ் இருந்தது. மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது: தூங்குகிறவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை. இவர்களுக்குப் பாவம் எழுதப்படாது. குழந்தையும் மனநோயாளியும் இங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். குழந்தையை ஃபித்ராவில் இருக்கிறது என்று மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறோம். அதே வரிசையில் நிற்கும் மற்றவரை மரத்தில் கட்டினோம். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. அவர்களும் இதே ஹதீஸ்களைப் படித்தவர்கள்தான்.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. சாச்சி மகள், எனக்கு ராத்தா (அக்கா) முறை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு நோய் வந்தது. காதில் யாரோ பேசுவதாகச் சொல்வார், நாள் கணக்கில் தூங்க மாட்டார். எங்கெங்கோ கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் காலில் சங்கிலி போட்ட தழும்பு கணுக்காலுக்கு மேல் இன்னும் வளையமாகத் தெரிகிறது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சியை வாளியில் வாங்கிவந்து தெருவில் நாலு வீட்டுக்கு ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. மாத்திரை தவறினால் மறுபடி குரல்கள் வந்துவிடும்.

போன மாதம் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது மாமா, “அவ என்ன பாவம் பண்ணுனாளோ, அல்லாஹ் இப்புடி வச்சிருக்கான்” என்றார். மனசில் கெடுதல் இல்லாமல், வருத்தத்தில் சொன்னதுதான். ராத்தா அடுப்பங்கரையில் இருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். நான் மாமாவிடம் எழுதுகோல் ஹதீஸைச் சொன்னேன். “மாமா, ராத்தாக்கு நோய் முத்தியிருந்தப்ப ஒரு பாவமும் எழுதியிருக்க மாட்டாங்க. சங்கிலி போட்டவங்களுக்கும், அத பாத்துக்கிட்டு இருந்த நமக்கும்தான் எழுதியிருப்பாங்க” என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மாமா தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அந்த ஹதீஸ் எனக்கும் தெரியும்மா, ஓதியிருக்கேன்” என்றார். அப்புறம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, “ஏம்மா, மாத்திரைக்கு ராமநாதபுரத்துக்கு பஸ்ல தானே போறே?” என்று கேட்டார்.

“ஆமா மாமா, சமயத்துல உக்கார எடம் கெடைக்காது” என்று உள்ளேயிருந்து ராத்தா பதில் சொன்னார்.

“அடுத்த தடவ போறப்ப முதல் நாளே சொல்லு. கார எடுத்துட்டு வரச் சொல்றேன்.”

அடுத்த முறை புதன்கிழமை வருகிறது. நானும் கூடப் போகிறேன்.